மூலைக்கு மூலை ஓர் உதறல்

லிஃப்ட்காரருக்குப் பொறாமை என்பதே கிடையாது. இதை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு, கதவு திறந்தால் போதும் சாமி என்று நின்ற ஒருவரிடம், வெளியே ஸ்பேனரும் கையுமாக நின்றபடி கதவிடுக்கு வழியாகச் சொன்னதாகவும் கேள்வி.

ஆகவே போன வாரம் சாப்பாட்டு மேசையில் மகள் அந்த வார்த்தையைச் சொன்னபோது அவருக்கு வந்தது பொறாமை இல்லை. வெறும் வயிற்றெரிச்சல்.

"நடுக்கட்டத்த பெரியப்பா போடட்டும்மா" என்றாள் மகள். அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டில் ஹீட்டர் போடவில்லை. தேவைப்படவில்லை.

மகளுக்குப் பொடிசு என்று செல்லப்பெயர். பிறந்தபோது வைத்தது. இப்போது கதவுநிலையில் குனிந்துதான் நுழைவாள். பெயர் மட்டும் வளரவில்லை. கிரேன் ஓட்டுகிறவள். எங்கோ வடகோடியில் ஒரு பெரிய பாலம் கட்டுகிறார்கள். அங்கே அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. அந்த ஊரில் கொட்டாவி விட்டால் அது உறைந்து மடியில் விழுமாம். அப்படிப்பட்ட குளிரில், ஆகாயத்தில் தொங்கும் கூண்டுக்குள் ஒற்றை ஆளாக உட்காரப்போகிற பெண்ணுக்குச் சால்வை வேண்டாமா என்று அவள் அம்மா கேட்டாள். அம்மா சேர்ந்திருந்த குரோஷா குழு, எல்லாரும் சேர்ந்தே பின்னித் தருகிறோம் என்று ஏற்றுக்கொண்டது.

ஆளுக்குச் சில கட்டங்கள். எல்லாக் கட்டத்திலும் ஒரே சுழல்: நத்தை ஓடு மாதிரி நடுவில் தொடங்கி, வலப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி மூலைக்குப் போய்ச் சேரும். கட்டங்களைக் கோத்தால் சால்வை. மற்றதெல்லாம் சாம்பல் நிறம். நடுக்கட்டம் மட்டும் செங்கல் நிறம். போர்த்திக்கொண்டால் அது பிடரிக்குக் கீழே, முதுகின் நடுவில், யாரோ உள்ளங்கையை வைத்த மாதிரி உட்காரும்.

அந்த இடத்தில் பெற்ற தகப்பன் கை இருக்க வேண்டாமா? இருக்கப்போவதோ சகலையின் கை.

சகலை என்றால் மனைவியின் அக்காவைக் கட்டியவர். கடிகாரம் பழுதுபார்க்கிறவர். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, கொசுவின் காலுக்குக்கூடத் திருகாணி போட்டுவிடுவார் என்று பெயர். அவருடைய மனைவி பெரியவள், கம்பளி நூலைக் கண்டாலே தும்முவாள். அதனால் குழுவுக்கு வருவதில்லை. ஒருதடவை அவள் தும்மிய தும்மலில் கடையில் தொங்கிய அத்தனை கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டின. அதற்கு முன்னும் பின்னும் அப்படி நடந்ததில்லை.

குழுவில் சகலை சேர்ந்த நாளிலிருந்து லிஃப்ட்காரர் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

"அத்தான் விரலப் பாக்கணுமே. நூல் அதுவா போய் ஊசியில உக்காருது" என்பாள் மனைவி. லிஃப்ட்காரர் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். அத்தான் புராணம் நீண்டுகொண்டே போனதில் அவர் குடித்த தண்ணீருக்கு மாடித் தொட்டியே வறண்டது.

கடைசியில் அவரும் சேர்ந்தார். 'சிக்கெடுக்கிற சங்கம்' என்று தாமே கேலி செய்த குழுவில், தாமே போய், சகலைக்கு நேரெதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். கற்றுக்கொடுக்கட்டுமா என்று கேட்ட எல்லாரிடமும், "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். பார்க்கத்தான் செய்தார். சகலையின் விரலை, மணிக்கட்டை, மூச்சு விடுவதை. பார்த்ததை வீட்டுக்கு வந்து மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் அறைக்குள் ஒளிந்துகொண்டு பின்னினார். முதலில் போட்ட கட்டம் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னியதில் அப்படி இறுகிவிட்டது. அதை இன்றைக்கும் மோட்டாருக்கு அடியில் அண்டக்கொடுத்து வைத்திருக்கிறார். அதிர்வு குறைந்திருக்கிறது.

அப்புறம் கை படிந்தது. செங்கல் நிற நூலும் ஓசையில்லாமல் வந்து சேர்ந்தது.

இன்று சனிக்கிழமை. கட்டங்களைக் கோக்கும் நாள்.

*

"சனிக்கிழம எதுக்குங்க டிபன் டப்பா?" என்று மனைவி கேட்டாள்.

"பசிக்கும்."

"இப்பதானே சாப்ட்டீங்க."

"நூலப் பார்த்தாலே எனக்குப் பசிக்கும்."

"இடியாப்பம்னு நினைச்சீங்களாக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டினாள். மகள் பின்னால் குனிந்து வந்தாள். டப்பாவை நாலாவது ஆள் மாதிரி மடியில் உட்கார வைத்துக்கொண்டு லிஃப்ட்காரர் பேருந்தில் போனார்.

குழு கூடும் அறை ஒரு சலவைக்கடையின் மாடியில் இருந்தது. கீழே இஸ்திரி போடும் ஆவி தரை வழியாக ஏறி வரும். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் பாதம் இதமாக இருக்கும். சுவரோரம் பெரிய மேசை. மேசைக்குத் தலைமாட்டில் பல் டாக்டரம்மா.

குழுவை நடத்துகிறவர் அவர்தான். கிளினிக்கில் பழகிய பேச்சு இங்கேயும் தொற்றிக்கொண்டு வந்துவிடும். யாராவது தப்பாகப் பின்னியதைப் பிரிக்க வேண்டி வந்தால், "லேசா ஒரு இழுப்பு. ஒண்ணுமே தெரியாது" என்பார். சொல்லி முடிப்பதற்குள் ஒருவாரத்து வேலை நூலாகக் கிடக்கும். பிரித்து முடித்ததும், "இன்னைக்கு முழுக்க அந்தப் பக்கமா மெல்லாதீங்க" என்றுகூட ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறார்.

சாம்பல் நிறக் கட்டங்கள் வரிசையாக மேசைமேல் பரப்பப்பட்டன. சகலை சட்டைப்பையிலிருந்து காகித உறையொன்றை எடுத்தார். அதிலிருந்து செங்கல் நிறக் கட்டம் வெளியே வந்தது. குழுவே எட்டிப் பார்த்து 'அட' என்றது.

"பெரியப்பா, சூப்பர்" என்றாள் மகள். அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள்.

இப்போது இல்லாவிட்டால் எப்போதும் இல்லை. லிஃப்ட்காரர் டிபன் டப்பாவைத் திறந்தார்.

"நானும் ஒண்ணு போட்டேன். சும்மா, பொழுது போகல."

டப்பாவுக்குள் எட்டிப் பார்த்த மனைவி, மூடியைப் பார்த்து, புருஷனைப் பார்த்து, மறுபடியும் டப்பாவைப் பார்த்தாள். "இது நீங்க போட்டதா?"

"வேற யாரு, மோட்டாரா போட்டுச்சு?"

டாக்டரம்மா இரண்டு செங்கல் நிறக் கட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இறக்கினார்.

"சார், உங்களுது எடப்பக்கமா சுத்துது."

அப்போதுதான் லிஃப்ட்காரரும் பார்த்தார். சகலையின் சுழல் வலப்பக்கம் ஓடியது. இவருடையது இடப்பக்கம் ஓடியது. ஒரே கட்டம் கண்ணாடி முன்னால் நின்று தலைவாரிக்கொண்ட மாதிரி இருந்தது.

மகளுக்குத்தான் முதலில் புரிந்தது. "அப்பா, நீங்க பெரியப்பாவுக்கு எதிர்ல உக்காந்து பார்த்தே கத்துக்கிட்டீங்களா? அவர் வலது கைல போடறத நீங்க எடது கைல போட்டிருக்கீங்க."

சிரிப்பு எழுந்தது. கீழே சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர், மாடியில் ஏதோ சரிந்துவிட்டது என்று மேலே பார்த்திருக்க வேண்டும். லிஃப்ட்காரரின் காது செங்கல் நிறமானது.

"இருந்தா என்ன? ஒரு நூலு பிசகல. சகலை போட்டதுக்கும் இதுக்கும் வித்தியாசம் சொல்லுங்க பாப்போம்."

"வித்தியாசம் இல்லதான்" என்றார் டாக்டரம்மா. குனிந்து இன்னும் உற்றுப் பார்த்தார். சொத்தையைத் தேடும் பார்வை. "இந்த மூலைல ஒரு சின்ன ஓட்டை இருக்கு பாருங்க. எல்லா மூலையிலயும் இருக்கு. இவரோடதுலயும் இருக்கு, உங்களோடதுலயும் இருக்கு. மத்த யாருக்கும் வரலையே."

லிஃப்ட்காரர் இதற்காகத்தான் காத்திருந்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஓட்டை இல்ல டாக்டரம்மா. அதான் சூட்சுமம். மூலைக்கு வந்ததும் நூல இழுத்துப் பிடிச்சு மணிக்கட்ட ஒரு உதறு உதறணும். சகலை வெளிய சொல்ல மாட்டார், தொழில் ரகசியம். நான் பார்த்தே பிடிச்சுட்டேன். இந்தா, இப்படி."

ஊசி பிடித்த மாதிரி இடக்கையை உயர்த்தி உதறிக் காட்டினார். நன்றாகவே உதறினார். மொட்டைமாடியில் அந்த உதறலை மட்டும் தனியாகப் பழகியிருந்தார். சின்ன நடுக்கம், கொஞ்சம் நிற்கும், மறுபடி நடுக்கம்; விரல் நுனியில் போய் முடியும்.

யாரும் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா அந்தக் கையைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சகலையின் பக்கம் திரும்பினார். சகலை விழாத நூற்கண்டைத் தேடிக்கொண்டு மேசைக்கு அடியில் வலக்கையை விட்டிருந்தார். கை வெளியே வரவில்லை.

சகலையின் முகம் தொங்கிப்போவதைப் பார்த்து மகிழ வேண்டும் என்று எத்தனை நாளாக ஏங்கியிருந்தார் லிஃப்ட்காரர். இப்போது தொங்கியது. பார்க்கத்தான் முடியவில்லை.

கடிகாரக்கடை கொஞ்ச நாளாகச் சீக்கிரமே மூடுகிறது. கண் வலி என்றார். சின்னக் கடிகாரங்களை வாங்குவதில்லை. சுவர்க்கடிகாரம்தான் இப்போது லாபம் என்றார். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது காப்பியே வேண்டாம் என்றார். மனைவி வற்புறுத்தியும் தொடவில்லை. என் வீட்டுக் காப்பிகூட இந்த மனிதனுக்கு இளக்காரமாகப் போய்விட்டதா என்று லிஃப்ட்காரர் அன்றைக்கும் வயிறெரிந்திருந்தார்.

பூட்டு மேல் பூட்டாகப் போட்டு ஒருவர் மறைத்து வைத்திருந்ததை, கலை என்று நினைத்துக் களவாடி, மேடை போட்டு ஆடியும் காட்டியாகிவிட்டது.

"அத்தான், உங்க கை..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

"பெரியப்பா?" என்றாள் மகள்.

"அதாவது" என்றார் லிஃப்ட்காரர். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "அதாவது, நான் மாத்திச் சொல்லிட்டேன். நடுங்கறது என் கை. எதிர்ல உக்காந்து பார்த்துப் பார்த்து அவருக்குத் தொத்திடுச்சு. கொட்டாவி தொத்தற மாதிரி."

"கை நடுங்கறது தொத்துமா?" என்றாள் மனைவி.

"லிஃப்ட்ல ஒருத்தன் விக்கினா எல்லாரும் விக்குவாங்க. நான் பார்த்திருக்கேன்."

"உங்களுக்கு எதுக்குக் கை நடுங்குது?"

"கேபிள் அதிரும்ல. இத்தன வருஷம் பிடிச்ச கை." சொல்லிவிட்டு, நம்பிக்கை வருவதற்காக இன்னொரு தடவை உதறினார்.

டாக்டரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய்ப்பல்லை எத்தனை தூரத்திலிருந்தும் கண்டுபிடிக்கிறவர். ஆனால் மேசையில் கிடந்த ஒரு பிரிந்த நூலை எடுத்து விரலில் சுற்றத் தொடங்கினார்.

"என்கூடப் படிச்சவர் ஒருத்தர் நரம்பு டாக்டரா இருக்கார். திங்கக்கிழம போய்ப் பார்த்துடுங்க" என்றார். அப்புறம், பிரிந்த நூலைச் சுற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சேர்த்துக்கொண்டார்: "தனியாப் போகாதீங்க. சகலையையும் கூட்டிட்டுப் போங்க."

மகள் எழுந்து வந்தாள். அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். அப்போதுதான் இருவர் முகமும் ஒரே உயரத்துக்கு வந்தது. அவருடைய இடக்கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இந்தக் கைய வச்சுக்கிட்டா இதப் போட்டீங்க? ஒளிஞ்சு உக்காந்து?"

லிஃப்ட்காரர் டிபன் டப்பாவை இன்னொரு கையால் மூடினார்.

மகள் சாம்பல் கட்டங்களுக்கு நடுவே இருந்த காலி இடத்தில் இடப்பக்கம் சுற்றும் கட்டத்தை வைத்து ஊசி குத்தினாள். "இதான் நடுக்கட்டம்."

"எல்லாம் ஒரு பக்கம் சுத்துது, இது மட்டும் எதிர்ப்பக்கம் சுத்துதேடி" என்றாள் அம்மா.

"சுத்தட்டும். வீட்லயும் அப்படித்தானே."

சகலையின் கட்டம் கீழ் ஓரத்துக்குப் போனது. உட்கார்ந்தால் நாற்காலியில் மாட்டிக்கொள்ளுமே, அந்த மூலைக்கு. சகலை தலையாட்டினார். "அங்கேயும் ஒரு கட்டம் வேணும்ல" என்றார்.

இந்த வெற்றியைத்தான் லிஃப்ட்காரர் கேட்டிருந்தார். கையில் கிடைத்ததும் அது டப்பாவைப் போலக் காலியாக இருந்தது.

*

மாடிப்படியில் மகள் அப்பாவின் தோளைத் தாங்கிப் பிடித்து இறக்கினாள். படியிறங்க அவருக்கு என்ன கஷ்டம்? ஆனாலும் தாங்கினாள். கீழே வந்ததும் அம்மாவும் மகளும் பேருந்து வருகிறதா என்று பார்க்கத் தெருமுனைக்குப் போனார்கள். சலவைக்கடை வாசலில், ஹாங்கரில் தொங்கிய யாருடையதோ கோட்டுகளுக்கு நடுவே, இரண்டு சகலைகளும் தனித்து விடப்பட்டார்கள்.

"சகலை" என்றார் கடிகாரக்காரர்.

"சொல்லுங்க."

"எனக்கு இப்ப உங்க மேல பொறாமையா இருக்கு."

லிஃப்ட்காரர் திரும்பினார். இந்த வாக்கியத்தைக் கேட்கத்தான் கல்யாணம் ஆன நாளிலிருந்து காத்திருந்தார்.

"நடுங்கறது நான்" என்றார் சகலை, தெருவைப் பார்த்தபடி. "தோளப் பிடிச்சுப் படியிறக்கினது உங்கள."

"வேணும்னா சொல்லுங்க, திருப்பித் தந்துடறேன்."

"வேணாம். வச்சிருங்க. பெரியவ காதுக்குப் போச்சுன்னா நாளைக்கே கடைய இழுத்து மூடிடுவா. கடை இல்லாம நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க. வீட்ல உக்காந்து அவ தும்மறத எண்ணவா?"

வலக்கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். பைக்குள்ளும் அது சும்மா இருக்கவில்லை. ஒரு சின்ன எலி குடியிருப்பது மாதிரி துணி அசைந்தது.

"ஆனா ஒண்ணு" என்றார். "உதறல் நல்லாத்தான் பிடிச்சிருக்கீங்க. நானே அசந்துட்டேன். எனக்கு வலது கை. நீங்க எடது கைன்னு காட்டிட்டீங்க. இனிமே எடது கையையே வச்சுக்குங்க. அவசரத்துல மாத்திடாதீங்க, மாட்டிக்குவீங்க."

"அந்த அளவுக்கு நான் மக்கு இல்ல."

"எதிர்ல உக்காந்து தலைகீழாக் கத்துக்கிட்டவர்தானே நீங்க."

பேருந்து வந்துவிட்டது என்று மகள் கைகாட்டினாள். கடிகாரக்காரர் நடந்து போய்விட்டார். கண்ணுக்குத் தெரியும் வரை லிஃப்ட்காரர் அந்தக் கோட்டுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

வீட்டில் அவரை ராஜா மாதிரி உட்கார வைத்தார்கள். மனைவி ரொட்டியைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்தாள். ரிமோட்டின் பொத்தானைக்கூட அவரை அழுத்த விடவில்லை. மறக்காமல் இடக்கையை அவ்வப்போது உதறினார். உதற உதறக் கவனிப்பு கூடியது. சாயங்காலத்துக்குள் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிடவும் ஆள் வந்துவிடும் போலிருந்தது.

இவ்வளவு சௌகரியம் சகலைக்கல்லவா போய்ச் சேர வேண்டியது என்ற எண்ணம் வந்தது. கடித்த ரொட்டியைத் தட்டில் திருப்பி வைத்தார். தண்ணீர் குடித்தார்.

மகள் ஜன்னலோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். ஆனால் லிஃப்டுக்குள் எந்தத் திருகாணி தளர்ந்திருக்கிறது என்று மேல்மாடியிலிருந்தே கேட்டுச் சொல்கிற காது அவருக்கு.

"ஆமா சார். அப்பாவுக்கு உடம்பு சரியில்ல... இல்ல, எப்ப வர முடியும்னு இப்ப சொல்ல முடியாது... அந்த இடத்த வேற யாருக்காவது குடுக்கறதுன்னா குடுத்துடுங்க. பரவால்ல."

அவள் போக வேண்டாம் என்று அவர் எத்தனை நாளாக மனசுக்குள் முட்டிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை வெளியே சொன்னதில்லை. குளிரைப் பற்றித்தான் சொல்வார். இப்போது ஒன்றுமே செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். பொடிசு இங்கேயே இருந்துவிடுவாள். பக்கத்து வீதியில் ஏதாவது கட்டடத்துக்குக் கிரேன் ஓட்டுவாள். குனிந்து குனிந்து வீட்டுக்கு வருவாள். வாயைத் திறந்தாலோ, சகலையின் கடைக்கு அன்றோடு பூட்டு.

மகள் போனை வைத்துவிட்டு ஜன்னலில் நெற்றியைச் சாய்த்தாள். வெளியே தூரத்தில் ஏதோ கட்டடத்தின் மேல் ஒரு கிரேன் நின்றுகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. செங்கல் நிறக் கட்டம் உட்கார வேண்டிய இடம்.

மனைவி டீயைக் கொண்டுவந்து நீட்டினாள். பாதிக்கு மேல் ஊற்றவில்லை, சிந்திவிடும் என்று. யோசனையில் இருந்தவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

அவர் உதறாமலேயே கிளாஸ் தடதடத்தது. டீ விளிம்பு தாண்டி மணிக்கட்டில் வழிந்தது. நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை.

மனைவி புடவைத் தலைப்பால் துடைக்கக் குனிந்தாள். துடைத்தவள் அப்படியே நிமிர்ந்து, அவர் மடியில் சும்மா கிடந்த இன்னொரு கையைப் பார்த்தாள்.

"என்னங்க," என்றாள், "மத்தியானம் எடது கைன்னுல்ல சொன்னீங்க?"